மாடி வெந்நீர் லைனுக்கு நெருப்பு வேண்டாம்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

பேச்சிமுத்து மாமா: (படம்)
குற்றாலம் வீட்டு மாடியில் நாலாம் ரூம் பக்கம் வெந்நீர் லைன் டீயில், அதாவது பைப் மூன்றாகப் பிரியும் T இணைப்பில், ஒழுகுகிறது. தேக்கு மச்சு நனைந்து கறுத்துப்போய்விட்டது. இசக்கி, எப்போது வர முடியும்?

சங்கரி அத்தை: வாளி வைத்திருக்கிறேன். விடிவதற்குள் பாதி நிறைந்துவிடுகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் வந்துவிடுவார்கள். அவர்கள் அருவியில் குளித்துவிடுவார்கள், கூட வரும் வயதானவர்களுக்கு வெந்நீர் வேண்டுமே.

இசக்கி: செவ்வாய்க்கிழமை வரலாம் மாமா. ஆனால் அந்த டீ உத்திரத்தை ஒட்டினாற்போல் போகிறது. டார்ச்சில் கம்பியை உருக்கி ஒட்டும் பிரேசிங் வைத்தால் சுடர் நேரே மரத்தில் அடிக்கும். தகரம் மறைத்துவைக்கலாம், ஆனால் அந்தச் சந்துக்குள் தூசியும் எலிக்கூடும் கிடக்கின்றன. அது போக, கீழே உள்ள கேட் வால்வு முழுதாக மூடவில்லை. எவ்வளவு வடித்தாலும் லைனில் கொஞ்சம் தண்ணீர் இழைந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் பைப் சூடேறாது, ஒட்டு பிடிக்காது.

சுடலை சித்தப்பா: காப்பரையே எடுத்துப்போட்டு சிபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டுவிடலாமே மச்சான்?

பேச்சிமுத்து மாமா: எல்லா ரூம் சுவரையும் கொத்த வேண்டும் சுடலை. சீசன் நெருங்கும்போது அது ஆகாது. மற்ற இடமெல்லாம் பைப் நன்றாகத்தான் இருக்கிறது.

லீட்ஸ் கண்ணன்: மாமா, இப்போதுதான் பார்த்தேன். இங்கே இங்கிலாந்தில் பாய்லர் லைன் போடும்போதுகூட இப்படிப்பட்ட இடங்களில் நான் கேஸ் டார்ச்சை வெளியிலேயே எடுப்பதில்லை. பிரஸ் ஃபிட்டிங்தான். உள்ளே ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த காப்பர் டீ, எல்போ, கப்ளிங் எல்லாம் கிடைக்கும். பைப்பைச் செருகி, பேட்டரியில் ஓடும் ஒரு மிஷினின் தாடையால் சுற்றி அமுக்கினால் முடிந்தது. சில வினாடி வேலை. லைனில் தண்ணீர் இழைந்தாலும் பரவாயில்லை.

சுடலை சித்தப்பா: பாய்லர் லைனுக்கே இதைப் போடுகிறார்களா? நம்பலாமா?

லீட்ஸ் கண்ணன்: இங்கே பாய்லர் என்றால் உங்கள் அரிசி மில் பாய்லர் மாதிரி இல்லை சித்தப்பா. அடுப்படிச் சுவரில் மாட்டும் கேஸ் பெட்டி. ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும், நீராவி இல்லை. குளிர்ந்த நிலையில் லைன் அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான். மூன்று பார் வந்தால் சேஃப்டி வால்வு திறந்துவிடும். அந்த பாய்லரை மாற்றும்போது 15, 22, 28 மில்லிமீட்டர் பைப்புகளை பிரஸ்ஸிலேயே முடித்துவிடுகிறோம்.
மரத்தரைக்குக் கீழே டார்ச் பிடித்தால் வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஆள் நின்று பார்க்கச் சொல்வார்கள், உள்ளுக்குள் கனன்று அப்புறம் தீப்பிடிக்கும் என்பதால். மாமா வீட்டு மச்சும் அதே கதைதான்.

இசக்கி: தம்பி, நான் கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. வெள்ளிக் கம்பி வைத்து பிரேசிங் செய்தால் பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே உலோகமாகிவிடும். ஒரு ரப்பர் வளையத்தை நம்பி எப்படிச் சுவருக்குள் மூடுவது?

லீட்ஸ் கண்ணன்: கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணே. பைப்பைப் பிடித்து நிறுத்துவது ரப்பர் இல்லை. மிஷின் 32 கிலோநியூட்டன் விசையில், அதாவது மூன்று டன்னுக்கு மேல் அமுக்குகிறது. ஃபிட்டிங்கும் பைப்பும் சேர்ந்தே நசுங்குவதால் கழன்று வராது. வளையத்தின் வேலை தண்ணீரை நிறுத்துவது மட்டும். வெந்நீருக்குப் போடும் கறுப்பு வளையம் ஈபிடிஎம் ரப்பர், 110 டிகிரி வரை தாங்கும். மாமா வீட்டில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் 60 டிகிரியைத் தாண்டாது.
நான் பார்த்தவரை பிரஸ் இணைப்பு ஒழுகினால் காரணம் பெரும்பாலும் பைப்பைத் தயார் செய்ததில்தான் இருக்கும். ஹாக்ஸா பிளேடில் அறுத்து, பிசிறு எடுக்காமல் செருகினால் அந்தப் பிசிறே வளையத்தைக் கிழித்துவிடும். அன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதம் கழித்து ஒழுகும். கட்டரில் நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும். செருகும் ஆழத்தை மார்க்கரில் கோடு போட்டு, அமுக்கிய பிறகும் அந்தக் கோடு ஃபிட்டிங் விளிம்பிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. இசக்கி அண்ணன் கை என்பதால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

இசக்கி: பிசிறு எடுப்பது நமக்குப் பழக்கம்தான். ஏசி லைனில் ஒரு துகள் உள்ளே போனாலும் கம்ப்ரசர் போய்விடும்.

சங்கரி அத்தை: அந்தத் தண்ணீர் வாயில் பட்டால் ஒன்றும் செய்யாதே கண்ணா? பிள்ளைகள் குளிக்கும்போது குடித்துவிடும்.

லீட்ஸ் கண்ணன்: நல்ல கேள்வி அத்தை. பழைய ஈயப் பற்றில் ஈயம் தண்ணீரில் கரையும். குடிநீர்க் குழாய்க்கு அதைப் போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1986-லும் இங்கே 1987-லும் தடை வந்தது. இப்போது வெள்ளீயமும் செம்பும் கலந்த பற்றுதான். பிரஸ்ஸில் பற்றே கிடையாது, பற்று பிடிக்கப் பூசும் ஃபிளக்ஸும் உள்ளே தங்காது. குடிநீருக்குச் சான்று பெற்ற ஃபிட்டிங்காகப் பார்த்து வாங்கினால் போதும்.

சுடலை சித்தப்பா: அப்படியானால் அம்பை மில்லில் நெல் அவிக்கும் தொட்டிக்குப் போகும் லைனிலும் ஒரு ஒழுகல் இருக்கிறது. அதற்கும் இதையே போட்டுவிடலாமா?

லீட்ஸ் கண்ணன்: வேண்டவே வேண்டாம் சித்தப்பா. அது நீராவி. 7 கிலோ அழுத்தத்தில் நீராவி 170 டிகிரி இருக்கும். அந்த ரப்பர் கருகிப்போகும், பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஆபத்து. 1923-இலிருந்து பாய்லர் சட்டம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான், 2025-ல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். சான்று பெற்ற வெல்டர்தான் அந்த லைனைத் தொட வேண்டும். ஒழுகுகிறது என்றால் நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

சுடலை சித்தப்பா: சரி மக்கா. நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

இசக்கி: மாமா, தட்டட்டியில் பழைய சோலார் இருக்கிறதே, கண்ணாடிக் குழாய் வைத்தது. அதிலிருந்து வரும் லைனும் இதில்தான் சேருகிறது.

லீட்ஸ் கண்ணன்: அங்கே கறுப்பு வளையம் போடாதீர்கள் அண்ணே. பம்ப் நின்று வெயில் அடித்தால் அந்தக் குழாய்க்குள் 200 டிகிரிக்கு மேல் போகும். சோலாருக்கென்று வேறு வளையம் வருகிறது, ஆனால் தட்டட்டியில் மரம் இல்லையே. அங்கே உங்கள் பிரேசிங்தான் நல்லது. பிரஸ் செய்த இணைப்புக்குப் பக்கத்தில் மட்டும் அப்புறம் சுடர் பிடிக்கக் கூடாது. முதலில் பிரேசிங், பைப் ஆறிய பிறகு பிரஸ்.

திங்கள்

இசக்கி: ஏசி கான்ட்ராக்டர் ஒருவரிடம் மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. பைப்பை வெர்னியரில் அளந்துவிட்டேன். வெளிவிட்டம் 22.2. தம்பி சொன்ன 22 மில்லிமீட்டர் ஃபிட்டிங்கையே வரவழைத்துவிடவா?

லீட்ஸ் கண்ணன்: பொறுங்கள் அண்ணே! 22.2 என்றால் அது ஏழெட்டு அங்குலம், அதாவது எட்டில் ஏழு பங்கு (7/8), ஏசிக்கு வரும் காப்பர். எங்கள் 22 மில்லிமீட்டர் ஃபிட்டிங் அதற்கு இல்லை. அடித்து நுழைத்தாலும் வளையம் உரசி அறுந்துவிடும். 0.2 தானே என்று விடக் கூடாது.
அமெரிக்க பிளம்பிங் அளவில் முக்கால் அங்குல காப்பர் என்று ஒன்று இருக்கிறது. அதன் வெளிவிட்டம் சரியாக ஏழெட்டு அங்குலம். ஆகவே தண்ணீருக்கான முக்கால் அங்குல பிரஸ் டீயும் கப்ளிங்கும் கேளுங்கள், உங்கள் பைப்பில் சரியாக உட்காரும். ஃபிட்டிங் கம்பெனி சொல்லும் தாடையைத்தான் மிஷினில் மாட்ட வேண்டும். தாடையின் வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பேச்சிமுத்து மாமா: ஏழெட்டு, முக்கால், 22 எல்லாம் ஒன்றையேதான் சொல்கிறீர்களா?

இசக்கி: ஏழெட்டும் முக்காலும் ஒரே பைப் மாமா. ஏசிக்காரர்கள் வெளி அளவைச் சொல்கிறோம், பிளம்பிங்கில் பெயருக்கு ஒரு அளவு வைத்துச் சொல்கிறார்கள். 22 தான் வேறு.

லீட்ஸ் கண்ணன்: அதேதான். இன்னொன்று அண்ணே, பைப் கடினமா மெதுவா என்று பாருங்கள். சுருளாக வரும் மெது பைப்புக்குச் சில கம்பெனி உள்ளே ஒரு தாங்கு குழல் போடச் சொல்லும். சுவர் தடிமனையும் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

இசக்கி: கடினப் பைப்தான், நீட்டமாக வந்தது. நான்தான் அன்றைக்கு இறக்கினேன்.

வியாழன்

இசக்கி: (படம்)
பார்சல் வந்துவிட்டது. டீ ஒன்று, கப்ளிங் இரண்டு. பெட்டியில் ஏழெட்டு என்று இருக்கிறது. பைப்பில் அருமையாக உட்காருகிறது. ஆனால் தம்பி சொன்ன மாதிரி குடிநீர் முத்திரை எதுவும் காணவில்லை.

லீட்ஸ் கண்ணன்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணே. இது ஏசி கேஸ் லைனுக்கான பிரஸ் ஃபிட்டிங். உள்ளே ஹெச்என்பிஆர் என்ற வேறு வகை ரப்பர் வளையம். ஏசி கேஸுக்கும் எண்ணெய்க்கும் அது பொருத்தம், மாமா வீட்டு வெந்நீருக்கு இல்லை. அளவு சரியாக இருப்பதுதான் இதில் ஏமாற்றும். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பேச்சிமுத்து மாமா: தண்ணீருக்கு என்று தெளிவாகச் சொல்லித்தானே ஆர்டர் கொடுத்தோம்? இன்னும் எத்தனை நாள் வாளி வைப்பது? இதையே போட்டு ஒப்பேற்ற முடியாதா?

இசக்கி: வேண்டாம் மாமா. மச்சுக்குள் மூடிவிட்டால் திறந்து பார்க்க முடியாத இடம். பிரஸ் இணைப்பைச் சூடாக்கிப் பிரிக்கவும் முடியாது, பைப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை வெட்டினால் அவ்வளவு நீளம் போய்விடும். சரியான சாமான் வந்த பிறகு போடுகிறேன். அதுவரை கீழ் வால்வை மாற்றிவிட்டு மாடி லைனை மூடிவைக்கிறேன், ஒழுகலும் நிற்கும்.

சங்கரி அத்தை: இசக்கி சொல்வதுதான் சரி. மாடி ஆட்களுக்குக் கீழே இருந்து அண்டாவில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாம்.

லீட்ஸ் கண்ணன்: அண்ணே, டெஸ்ட் செய்யும்போது முதலில் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல கம்பெனி ஃபிட்டிங்கில், அமுக்காமல் விட்ட இணைப்பு அப்போதே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எடுத்ததும் அழுத்தத்தை ஏற்றினால் வளையம் இறுகி, ஒழுகாத மாதிரி நின்றுவிடலாம். அதெல்லாம் பார்த்த பிறகு, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். அமுக்கிய ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

இசக்கி: சரி தம்பி. உத்திரத்துப் பக்கம் தாடை நுழைய இடம் பத்தாது போலிருக்கிறது. பைப் கிளாம்பைக் கழற்றிக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு அமுக்கலாமா?

லீட்ஸ் கண்ணன்: இறக்கலாம். தாடை பைப்புக்கு நேர் குறுக்காக உட்கார வேண்டும், கோணலாகப் பிடித்தால் ஒரு பக்கம் அமுங்காது. இடமே இல்லையென்றால் டீயைக் கீழே தனியாகப் பைப்புத் துண்டோடு அமுக்கி எடுத்துப்போய், மேலே கப்ளிங்கை மட்டும் அமுக்குங்கள்.

இசக்கி: அது நல்ல யோசனை. கப்ளிங் இன்னும் ஒன்று சேர்த்தே ஆர்டர் போடுகிறேன். இந்தத் தடவை ஈபிடிஎம், குடிநீர், முக்கால் அங்குலம் மூன்றையும் எழுதி, படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பணம்.

சுடலை சித்தப்பா: மில்லுக்கு வெல்டர் வந்து பார்த்துவிட்டார். ஃபிளாஞ்ச் கேஸ்கெட் போயிருக்கிறது, பாய்லரை அணைத்துவிட்டு சனிக்கிழமை மாற்றுகிறார்.

பேச்சிமுத்து மாமா: நல்லது சுடலை. இசக்கி, அடுத்த வியாழக்கிழமை மாடியில் யாருக்கும் ரூம் கொடுக்கவில்லை. காலையிலேயே வந்துவிடு, சாப்பாடு இங்கேதான்.

இசக்கி: வந்துவிடுகிறேன் மாமா. முந்தின நாள் ராத்திரியே ஹீட் பம்ப்பை அணைத்துவிடுங்கள், லைன் ஆறியிருக்க வேண்டும். அத்தை, தட்டட்டிச் சாவியை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், முதல் வேலை அங்கேதான்.