லஸ்ட்ரேஷன்: ‘தூய்மையாக்கம்’ வேண்டாம், ‘கோப்பாய்வு’ சரிவருமா?

> லத்தீன் வேர் சடங்குத் தூய்மையைக் குறிக்கிறது. ‘தூய்மையாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

பழைய ஆட்சியின் ரகசியப் போலீசுக்கு ஒத்துழைத்தவர்களைப் பதிவேடு பார்த்துக் கண்டறிந்து பதவிகளிலிருந்து விலக்குவதைத்தான் லஸ்ட்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த யோசனைதான் மேலே இருப்பது. ஐயா, வேர் சரிதான். ஆனால் செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு இருந்த வேலையே வேறு. ஒருவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதைக் கம்யூனிஸ்ட் காலத்து ரகசியப் போலீசே அப்படித்தான் சொன்னது. ஆட்சி போன பிறகு, பழைய உளவாளிகளை உயர்பதவிகளிலிருந்து விலக்க 1991 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியா 451ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. பார்த்தது அதே பதிவேட்டைத்தான். சொல்லும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

‘தூய்மையாக்கம்’ என்றால், பெயர் வந்தவரெல்லாம் அழுக்கு என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அங்கே அரசியலமைப்பு நீதிமன்றமே அப்படிச் சொல்லவில்லை. 1992 நவம்பர் 26 அன்று சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, ‘ரகசிய ஒத்துழைப்புக்கு உகந்தவர்’ என்ற குறிப்போடு பதிவானவர்களை விலக்கும் பிரிவை அடித்துவிட்டது. இவரை வளைத்துப் பார்க்கலாம் என்று ஓர் அதிகாரி நினைத்தாலே போதும், பெயர் ஏறிவிடும். அந்த ஆளுக்குச் சேதியே தெரிந்திருக்காது.

வேறு சொற்களையும் பார்த்தேன். ‘களையெடுப்பு’ என்றால் ஸ்டாலின் தன் கட்சியினரையே ஒழித்துக்கட்டிய காலத்துக்கே போய்விடுகிறது. ‘பின்னணிச் சரிபார்ப்பு’ என்றால் பாஸ்போர்ட்டுக்காக வீடு தேடி வரும் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வருகிறார். ‘தணிக்கை’ வேண்டவே வேண்டாம். படத்தில் எந்தக் காட்சியை வெட்டினார்கள் என்று கேட்பார்கள்.

‘கோப்பாய்வு’ என்று வைத்தால் என்ன? கோப்பை வைத்து ஆளை ஆராய்வது, அந்தக் கோப்பையே ஆராய்வது, இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கோப்பாய்வுச் சட்டம், கோப்பாய்வுச் சான்று எல்லாம் வாயில் நன்றாகவே வருகின்றன. போலந்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது. 1997 சட்டப்படி அங்கே பதவிக்கு வருபவர், ரகசியப் போலீசுக்கு ஒத்துழைத்தாரா இல்லையா என்று தானே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஒத்துழைத்ததற்குத் தண்டனை கிடையாது, அதை மறைத்ததற்குத்தான். அப்படி மறைப்பதற்கு அவர்கள் வைத்த ‘லஸ்ட்ரேஷன் பொய்’ என்ற பெயரை நாம் ‘கோப்பாய்வுப் பொய்’ என்று சொன்னால் பொய் கோப்பில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘வாக்குமூலப் பொய்’ என்று தனியாக வைத்துவிடலாம்.

அப்புறம் ஒரு சிக்கல். மேலே சொன்ன ‘உகந்தவர்’ வகையை நேற்று ஒருவர் ‘வேட்பாளர்’ என்று பெயர்த்திருந்தார். செக் மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாவம் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே! ‘குறிவைக்கப்பட்டவர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.