1962-இல் தாத்தா சைகோனில் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

அப்பாவின் பிரெஞ்சு குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம். ஒரே ஒரு காகிதத்தில் வந்து மாட்டிக்கொண்டோம்.

தாத்தா காரைக்காலில் 1928-இல் பிறந்தவர், பிரெஞ்சுப் படையில் சொல்தா (சிப்பாய்). அப்பா 1959-இல் வியட்நாமின் சைகோனில் பிறந்தார். 1966-இல் குடும்பம் காரைக்கால் திரும்பியது. புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த கைமாற்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 16 ஆகஸ்ட் 1962. அன்று இங்கே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பிரெஞ்சுக்காரர். வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு அது தேவையில்லை. குடியுரிமை தானாகவே தொடரும். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அந்தத் தேதியில் அவர் சைகோனில் குடியிருந்தார் என்று காட்டியாக வேண்டும்.

தாத்தாவின் பிறப்புப் பதிவு காரைக்கால் நகராட்சியில் கிடைத்தது. அப்பாவுடையது, வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் பிரான்சின் நாந்த் நகரப் பதிவகத்திலிருந்து தபாலில் வந்தது. 1998 வரை தாத்தா வாங்கிய பிரெஞ்சு பென்ஷன் புத்தகமும் இருக்கிறது (50 ஆண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே வாழ்ந்த குடும்பம், இடையில் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதைக் காட்ட வேண்டும் என்ற விதிக்கு அது உதவும் என்று நம்புகிறேன்). படை ஆவணம் கேட்டு எழுதினேன். அவர் பணி 1956-இலேயே முடிந்துவிட்டதாகப் பதில். ஒரு முகவரிடம் பணம் கட்டியதுதான் மிச்சம்.

1962-க்கு இருப்பது ஒரு புகைப்படம் மட்டுமே. பின்பக்கம் சைகோன் ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் 'நவம்பர் 62'. ஆண்டின் கடைசி எண் பாதி அழிந்திருக்கிறது. இதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

சைகோனிலிருந்து திரும்பிய குடும்பத்தார் யாராவது, 1962 குடியிருப்புக்கு எந்த ஆவணத்தைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினீர்கள், அதை எங்கிருந்து எடுத்தீர்கள்?