‘ஸ்வானி ஆறு’ அடிமைகளின் பாட்டு அல்ல, எத்தனை முறை சொல்வது?

பாணன்: “ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம், அமெரிக்க அடிமைகள் கண்ணீரோடு பாடிய ஸ்பிரிச்சுவல்” என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘ஸ்வானி ஆறு’ என்கிறோமே, அந்தப் பாட்டைத்தான் சொல்கிறார். ஸ்பிரிச்சுவல் என்றால் கறுப்பின அடிமைகள் பாடிய பக்திப் பாட்டு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது 1851-ல் பிட்ஸ்பர்க்காரர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதிய மின்ஸ்ட்ரல் பாட்டு. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர் வேஷம் கட்டிய கிறிஸ்டி குழுவுக்காக எழுதினார். அச்சில் கிறிஸ்டியின் பெயரைத்தான் போட்டார்கள். முதலில் ‘பீ டீ’ ஆறு என்று எழுதி, பிடிக்காமல், அட்லஸில் தேடி எடுத்த பெயர்தான் ஸ்வானி. புளோரிடாவில் ஓடும் அந்த ஆற்றை அவர் பார்த்ததே இல்லை!

கருங்குயில்: பார்க்காவிட்டால் பாடக் கூடாதா? ‘ஸ்விங் லோ’ என்ற ஸ்பிரிச்சுவலை வாலஸ் வில்லிஸ் பாடியது என்பார்கள். இந்தியன் டெரிட்டரியில், அதாவது இன்றைய ஓக்லஹோமாவில், சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் அடிமையாக இருந்தவர். அதில் வரும் பைபிள் ஆறான யோர்தானை அவர் போய்ப் பார்த்தாரா?

பாணன்: யோர்தான் அவருக்கு விடுதலையின் கரை, கருங்குயில். ஸ்வானி ஃபாஸ்டருக்கு மெட்டில் உட்காரும் ஒரு சொல். ஆற்றின் பெயரான ‘சுவானி’யை ‘ஸ்வானி’ என்று நறுக்கியதே அதற்காகத்தான். பாட்டில் வருகிறவன் அடிமைகள் உழைத்த பழைய பண்ணைத் தோட்டத்துக்கு ஏங்குகிறான். சவுக்கடி பட்ட இடத்துக்கு எவன் ஏங்குவான்? ஸ்பிரிச்சுவலில் மோசே பார்வோனிடம் “என் ஜனங்களைப் போகவிடு” என்கிறான். போகவிடு! 1867-ல் ஆலன், வேர், லூசி மெக்கிம் காரிசன் மூவரும் அடிமைகளின் பாட்டு 136 தொகுத்தார்கள். அதில் ஸ்வானி எங்கே?

நாஞ்சிலான்: பாணன் அண்ணே, 1903-ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸே இந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி, கறுப்பர் இசையின் சாயல் இதில் இருக்கிறது என்று எழுதினார். ஃபாஸ்டரின் இன்னொரு பாட்டான ‘மை ஓல்டு கென்டக்கி ஹோம்’ அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்புகிறது என்று, அடிமைத்தளையிலிருந்து தப்பி அடிமை ஒழிப்புக்குப் போராடிய டக்ளஸும் 1855-ல் சொன்னார். அவர்களைவிட உங்களுக்குத் தெரியுமோ?

பாணன்: சாயல் இருந்தால் சொந்தமாகிவிடுமா? அதே டக்ளஸ் 1848-ல் கரி பூசிய குழுக்களை வெள்ளைச் சமூகத்தின் கசடு என்றார். இயற்கை தங்களுக்குத் தராத நிறத்தை எங்களிடம் திருடியவர்கள் என்றார். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். போன மாதம் பேஞ்சோ விஷயத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். சுரைக்குடுக்கையில் தோல் கட்டி ஆப்பிரிக்கர் கொண்டுவந்த வாத்தியம் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

நாஞ்சிலான்: பேஞ்சோவை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்று என்னை அரைகுறை என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

வைகறை: மின்ஸ்ட்ரல் என்றாலே வெள்ளையரா? 1878-ல் ‘கேரி மீ பேக் டு ஓல்டு வர்ஜினி’ என்ற மின்ஸ்ட்ரல் பாட்டை எழுதிய ஜேம்ஸ் பிளாண்ட் கறுப்பர். ஸ்பிரிச்சுவல் என்றால் என்ன, மின்ஸ்ட்ரல் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துவிட்டுப் பேசலாமே?

பாணன்: வரையறை கிடக்கட்டும் வைகறை. கறுப்பர்களும் அந்த மேடையில்தான் பிழைக்க வேண்டியிருந்தது, அந்தக் கொடுமையைத் தனியாகப் பேசுவோம். 1871-ல், விடுதலை பெற்ற கறுப்பர்களுக்காகத் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரியின் மாணவர்கள் நாஷ்வில்லிலிருந்து கிளம்பினார்கள். கடனில் மூழ்கிய கல்லூரிக்காக ஊர் ஊராகப் பாடினார்கள். அதில் பலர் அடிமையாகப் பிறந்தவர்கள். கரிமுகக் கூத்தைப் பார்த்துப் பழகிய சபையில் நின்று அம்மா அப்பா பாடியதைப் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழும்பியதுதான் கல்லூரியின் ஜூபிலி ஹால் கட்டடம். அந்தப் பாட்டையும், அட்லஸில் ஆறு தேடியவர் பாட்டையும் ஒரே பெயரில் அழைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கருங்குயில்: அந்த ஆற்றுப் பாட்டைத்தான் 1935-ல் புளோரிடா மாநிலப் பாட்டாக்கியது. ஆற்றங்கரைக்காரர்களுக்கே இல்லாத வருத்தம் உங்களுக்கு ஏன்?

பாணன்: எந்தக் கரைக்காரர்கள்? 1935-ல் அந்தச் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பராவது இருந்தாரா? 2008-ல் வரிகளை மாற்றினார்களே, வருத்தம் இல்லாமலா?

கருங்குயில்: மாற்றினார்கள், தூக்கி எறியவில்லையே!

பாணன்: ஃபாஸ்டர் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை.

நாஞ்சிலான்: அரைகுறை என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை.