வானவில் காசு: உடைத்து இன்னொரு கம்பனிக்கு அனுப்புவதா?

ஒட்டுசுட்டான்காரன்:
என்னிடம் இருப்பது ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட 1918 வெள்ளி ரூபாய், பம்பாய் அச்சு. இந்தியக் காசுதான், அந்தக் காலத்தில் இலங்கையிலும் அது செல்லும். அம்மம்மா அதைக் கொப்பித் தாளில் மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்திருந்தவ. 2009 சண்டையில் மாத்தளன் வரை போய், முகாமுக்கும் போய், அவவோடேயே ஊர் திரும்பிய காசு.

தலைப்பக்கம் விளிம்பில் மயில்கழுத்து நீலம். உள்ளே வர நாவற்பழ ஊதா, பிறகு பாலைப்பழ மஞ்சள், நடுவில் வெறும் வெள்ளி. டொரொண்டோவில் இருக்கும் மச்சான் 2 வருடத்துக்கு முன் கொண்டுபோய்க் கிரேடிங்குக்கு, அதாவது காசின் தரத்தைப் பார்த்து 70 க்கு எண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரும் கம்பனிக்குக் கொடுத்தான். 60 ஐத் தாண்டும் என்று நினைத்தோம். எண்ணே போடாமல், நிறம் சந்தேகத்துக்குரியது (தானாக வராமல் யாரோ மருந்து பூசி ஏற்றியதாக இருக்கலாம்) என்று எழுதிப் பெட்டிக்குள் அடைத்துத் தந்துவிட்டார்கள். கம்பனிப் பெயர் வேண்டாம். இப்போது மச்சான், “உடைச்செடுத்து மற்றவையளிட்டக் குடுப்பம்” என்று நிற்கிறான். இப்படிச் செய்த ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வவுனியா வெள்ளி:
அண்ணை, நான் சூடுபட்டவன். ஒரு கம்பனிப் பெட்டியில் இருக்கும் காசை உடைக்காமலே பி.சி.ஜி.எஸ். போன்ற இன்னொரு கிரேடிங் கம்பனிக்கு அனுப்பி, இந்த எண்ணுக்குக் குறைந்தால் உங்கள் பெட்டிக்கு மாற்ற வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். நான் 64 க்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நின்றேன். அதே பெட்டியில் திரும்பி வந்தது. கட்டணம் போனது போனதுதான்.

அடுத்த காசுக்குப் பிடிவாதத்தை விட்டேன்; 63 போட்டு மாற்றித் தந்தார்கள். அதை வாங்கியவர் எண்ணைக் கவனிக்கவே இல்லை. யன்னலடியில் காசைச் சரித்துச் சரித்து நிறத்தைத்தான் பார்த்தார். பார்வைக்கு அசத்துகிற காசுக்கு என்.ஜி.சி. என்ற கிரேடிங் கம்பனி எண்ணோடு ஒரு நட்சத்திரமும் போடுகிறதே, அது இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான்.

உங்களுடையதை உடைத்தால், முதல் கம்பனியின் உத்தரவாதமும் போச்சு. கை தவறிக் கீறினால் காசும் போச்சு. மருந்து பூசிய காசில் நிறம் பெரும்பாலும் ஒழுங்கு தப்பிக் கிடக்கும், மஞ்சளில் இருந்து நேரே நீலத்துக்குப் பாயும். உங்களுடையது வரிசையாக இருக்கிறது என்பதால் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் 1918 சாதாரண ஆண்டு. கட்டணம், போக வரக் காப்புறுதி எல்லாம் கூட்டிப் பார்த்தீர்களா? 1911 பன்றி ரூபாய் என்றால் (அரசனின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று திருப்பி எடுத்தார்களே, அது) நானே உடையுங்கள் என்பேன்.

கிளிநொச்சி:
நீங்கள் நிறத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் அம்மா வீட்டில் இருந்த 7 வெள்ளி ரூபாயையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, “இப்ப பார், புதுக்காசு மாதிரி” என்று கையில் தந்தவ. நிறமெல்லாம் போச்சு, எனக்கு எந்தக் கம்பனியும் தேவைப்படவில்லை.

ஒட்டுசுட்டான்காரன்:
கிளிநொச்சி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

நேற்று அம்மம்மாவின் சுருக்குப்பையைக் கிண்டினேன். அந்தக் கொப்பித் தாள் நாலாக மடித்தபடி உள்ளே கிடந்தது. காசு இருந்த இடத்தில் வட்டமாகப் பழுப்பு, அதற்குக் குறுக்கே ஒரு மடிப்பு. மச்சான் அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அரசனின் தாடிக்குக் குறுக்கே ஒரு வெளிறிய கோடு ஓடுகிறது. இவ்வளவு நாளும் அதைக் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன். மடிப்புத் தூக்கி நின்ற இடத்தில் தாளிலிருந்த கந்தகம் வெள்ளியில் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நிறம் இந்தத் தாளால் தானாக வந்ததுதான். ஆனால் எந்தக் கம்பனிக்குப் போனாலும் மேசைக்கு வருவது காசு மட்டும். தாளைக் கேட்டுப் பார்க்க அங்கே ஆள் இல்லை. கணக்கும் போட்டேன், வவுனியா சொன்னது சரி, செலவே காசின் விலையைவிடக் கூட வருகிறது. மச்சானுக்கு உடைக்காதே என்று சொல்லிவிட்டேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது பெட்டியோடு கொண்டுவருவான். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். மறுபடி காசோடு ஒட்டி வைத்தால் நிறம் இன்னும் ஏறிக் கறுத்துவிடும்.