நடுவர் மீது இருந்த கோபம் இப்போது ஆட்டக்காரர் மீது திரும்பிவிட்டதா?

வைகைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நெடுநாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்க விரும்புகிறேன்.

2008 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நம் அணி ஆடிய சிட்னி டெஸ்ட் நடந்தபோது எங்கள் ஊரில் மார்கழிப் பனி. நம் நேரப்படி விடியற்காலையிலேயே ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால், தெருக்கோடிக் கோயிலில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கும் முன்பே நானும் என் அண்ணனும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு போர்வையோடு உட்கார்ந்துவிடுவோம். முதல் நாள் ஆஸ்திரேலியா 134 ரன்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்தது. சைமண்ட்ஸ் 30 ரன்களில் இருந்தபோது இஷாந்த் சர்மாவின் பந்து மட்டையில் உரசி தோனியின் கைக்குப் போன சத்தம் குறைத்து வைத்த ஒலியிலும் எங்களுக்குக் கேட்டது, ஆனால் நடுவர் ஸ்டீவ் பக்னருக்குக் கேட்கவில்லை. சைமண்ட்ஸ் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 162 ரன்கள் எடுத்தார். அன்று மாலையே தாம் அவுட்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதும் எங்கள் வயிற்றெரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலுறையில் (பேடில்) பட்டுப் போன பந்துக்கு திராவிட் அவுட் கொடுக்கப்பட்டார். கங்குலியின் கேட்சைப் பற்றி நடுவர் பென்சன் எதிரணித் தலைவர் பான்டிங்கிடமே கேட்டு விரலை உயர்த்தினார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கிளார்க் ஒரே ஓவரில் மூன்று விக்கெட்டுகளை எடுத்து முடித்தார். 122 ரன் தோல்வி. அன்று மதியம் அண்ணன் சாப்பிடவில்லை. அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து பக்னர் நீக்கப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, ஐந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் நடுவராக நின்ற ஒரு மனிதரின் அவமானத்தைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது என் மகனுக்குப் பதினான்கு வயது. நடுவர் தவறாகக் கை உயர்த்தினால் அவன் பதறுவதில்லை, 'ரிவியூ எடுப்பாங்க அப்பா' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறான். ஆனால் நமக்குப் பிடித்த ஒரு மட்டையாளர் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் குறைந்த ரன்களில் வெளியேறினால் அவன் வாயிலிருந்து வரும் சொற்களை என்னால் இங்கே எழுத முடியாது. அவனுடைய நண்பர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். நாங்கள் நடுவரை வைதோம், ஆட்டக்காரரை அணைத்துக்கொண்டோம் என்றுதான் என் நினைவு. நடுவரின் முடிவை ஒளிப்பதிவைப் பார்த்துச் சரிபார்க்கக் கோரும் இந்த மறுபரிசீலனை முறை (ரிவியூ) வந்து நடுவரைக் காப்பாற்றிய பிறகு, தோல்வியின் பழியைச் சுமக்க ஆட்டக்காரரைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லையோ என்று தோன்றுகிறது. இது சரிதானா, அல்லது என் நினைவு என்னை ஏமாற்றுகிறதா?

லீக் நடுவர் எழுதியது:

ஐயா, நான் மாவட்ட அளவிலான லீக் ஆட்டங்களில் பதினாறு ஆண்டுகளாக நடுவராக நிற்கிறேன். உங்கள் கேள்வியின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதே சிட்னி டெஸ்டில், அதே முதல் நாளில் பான்டிங்குக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? 17 ரன்களில் லெக் பக்கம் மட்டையில் பட்டுப் போன கேட்சில் அவர் தப்பினார். அது நம் மனத்தில் பதிந்திருக்கிறது. பிறகு 55 ரன்களில், ஹர்பஜன் வீசிய பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டுக் காலுறைக்குப் போன போதிலும் எல்.பி.டபிள்யூ (ஸ்டம்புக்குப் போக வேண்டிய பந்தைக் காலால் தடுத்தார் என்ற முடிவு) கொடுக்கப்பட்டு வெளியேறினார். அதை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? சிட்னியில் நமக்கு எதிரான தவறுகளே அதிகம், அவற்றின் விலையும் அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நமக்குச் சாதகமான தவறு ஒரு நாள்கூட மனத்தில் தங்காமல் கரைந்துபோவதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்தில் நேரில் பார்க்கிறேன்.

நடுவரின் இடத்தில் நின்று பார்த்தால் நிலைமை எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பந்துவீச்சாளரின் முன்கால் கோட்டுக்குள் விழுகிறதா என்று முதலில் கீழே பார்க்க வேண்டும். கண்ணை நிமிர்த்தும்போது பந்து பாதி வழியைக் கடந்திருக்கும். எங்கே குத்தியது, எங்கே பட்டது, எங்கே போயிருக்கும், முதலில் பட்டது மட்டையா காலுறையா என்ற நான்கையும் பதினொரு பேரின் கூச்சலுக்கு நடுவே தீர்மானிக்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் முன்கால் நோ-பாலைப் பார்க்கும் பொறுப்பு 2020 முதல் படிப்படியாக மூன்றாம் நடுவருக்குப் போய்விட்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுவனுக்கு விக்கெட் கீப்பர் கேட்ச் என்று விரலை உயர்த்தினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துவிட்டுத் தன் முழங்கைப் பட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு நடந்தான். உயர்த்திய விரலை இறக்குவதற்குள்ளேயே நான் செய்தது தவறு என்று தெரிந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அவனைத் தேடிப்போய்ச் சொன்னேன். 'பரவாயில்லை சார்' என்றான். அவனுடைய தந்தை மட்டும் அடுத்த இரண்டு ஆண்டுகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

மறுபரிசீலனை முறை வந்ததால் நடுவர் மீதான கோபம் போய்விட்டது என்று நீங்கள் கருதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2008இல் இலங்கையில் நம் அணி ஆடிய தொடரில்தான் டெஸ்ட் ஆட்டத்தில் அந்த முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அந்த அனுபவம் கசந்ததால் 2016 வரை நம் கிரிக்கெட் வாரியமே அதைப் பொதுவாக எதிர்த்துவந்தது. இன்று கோபம் 'அம்பயர்ஸ் கால்' என்ற சொல் திரையில் விழும் நொடிக்கு மாறியிருக்கிறது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கணிப்பு காட்டினால் களநடுவரின் முடிவே நிற்கும். கணிப்பில் சிறு பிழை இருக்கக்கூடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். 2017க்குப் பிறகு அத்தகைய முடிவால் அணி தன் ரிவியூவை இழப்பதும் இல்லை. ஆனால் ஸ்டம்பில் பந்து உரசுவதைக் கண்ணால் பார்த்தவரிடம் இதை விளக்கினால் கேட்பாரா?

மகாவலி எழுதியது:

வணக்கம். நான் கண்டியைச் சேர்ந்தவன். நடுவர் பற்றிய பேச்சு வந்துவிட்ட பிறகு எங்கள் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளியின் பந்துவீச்சை நோ-பால் என்று அறிவித்தார். பந்துவீச்சாளரின் முனையில் நின்றுகொண்டு ஒருவர் முழங்கையை வளைத்து நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று தீர்ப்பளித்தார். அதன் பின்னர் எங்கள் அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே மற்ற நடுவர் ஸ்டீவ் டன் நின்றார். அந்த முனையிலிருந்து முரளி முப்பதுக்கும் மேற்பட்ட ஓவர்களை வீசினார், ஒரு பந்துகூடக் குற்றமென்று அறிவிக்கப்படவில்லை. ஒரே ஆட்டம், ஒரே கை, ஒரே பந்துவீச்சு. ஒரு முனையில் அது குற்றம், மறுமுனையில் குற்றமில்லை. எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் பேச்சற்று இருந்தோம். அது கோபம் என்று சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. நம்முடைய ஒருவரைப் பல்லாயிரம் பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று கைநீட்டிச் சொன்னது போல இருந்தது.

1999இல் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் அதைச் செய்தபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். அது ஒழுங்கீனம் என்று எழுதியவர்கள் பலர். எங்களுக்கோ அது ஓர் அண்ணன் தம்பிக்காக எழுந்து நின்றது போலத்தான் பட்டது. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை அவருடையது. பிற்பாடு நடந்த ஆய்வுகளில், குற்றமே சொல்லப்படாத பல பந்துவீச்சாளர்களுடைய கைகளும் வீசும்போது ஓரளவு நிமிர்கின்றன என்று தெரியவந்தது. 2005இல் 15 பாகை வரை அனுமதி என்று விதியே மாற்றப்பட்டது. 2010 யூலையில் காலியில் தன் கடைசி டெஸ்ட் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது என் தாயார் அழுதார்.

லீக் நடுவர் ஐயா சொல்வது போல நடுவரின் தவறை மனிதத் தவறாக ஏற்றுக்கொள்ள நான் தயார். பக்னருக்கு ஓர் ஒலி கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓர் ஆட்டக்காரரின் நேர்மை மீதே நடுவர் ஐயம் கொள்ளும்போது ரசிகனின் மனத்தில் விழும் காயம் வேறு வகையானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சேப்பாக்கம் மாடம் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு, உங்கள் நினைவு உங்களை ஏமாற்றுகிறது என்றே கருதுகிறேன். நம் தலைமுறை ஆட்டக்காரரை எப்போதும் அணைத்துக்கொள்ளவில்லை. 2006 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் டெண்டுல்கர் ஒரு ரன்னில் ஆட்டமிழந்து திரும்பியபோது, அவருடைய சொந்த ஊரான மும்பையில், வான்கடேயில், ஒரு பகுதி ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டுப் பழித்தார்கள். அப்போது மறுபரிசீலனை முறையும் இல்லை, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கையில் இப்போதைய கைபேசியும் இல்லை.

அதே டெண்டுல்கரை நான் 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் என் தந்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. கங்குலி ஆட்டமிழந்த கேட்ச் சரியானதுதானா என்ற வாதம் அப்போதே எழுந்தது, என் பின்வரிசையில் இருந்தவர்கள் நடுவரை வாய்விட்டு வைதார்கள். 82 ரன்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். பிறகு மோங்கியாவோடு சேர்ந்து முதுகுவலியோடு ஆடி டெண்டுல்கர் 136 எடுத்தார், வெற்றிக்கு 17 ரன்களே இருந்தபோது சக்லைன் பந்தில் தூக்கியடித்து அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்களுக்குள் போயின. 12 ரன் தோல்வி. அரங்கம் முழுவதும் ஒரு நிமிடம் உறைந்திருந்தது. பிறகு எங்கோ ஒரு பக்கத்தில் கைதட்டல் தொடங்கியது. அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது நாங்கள் அனைவரும் எழுந்து நின்றிருந்தோம். காலையில் நடுவரை வைத அதே மனிதர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். ஆகவே கோபம் இருப்பது குற்றமில்லை, அது அன்று மாலைக்குள் அடங்கியது என்பதையே நான் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது அது அடங்குவதில்லை, நேராக ஆட்டக்காரரின் வீட்டுக்கே போய்விடுகிறது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்ற இரவில் முகமது ஷமி ஒருவரைக் குறிவைத்து, அவருடைய மதத்தைச் சொல்லி எழுதினார்கள். அதைக் கண்டித்து அணித் தலைவர் கோலி வெளிப்படையாகப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பழியைக் கண்டு நான் வெட்கப்பட்டது போல எந்தத் தோல்விக்கும் வெட்கப்பட்டதில்லை.

ஃபார்ம் பற்றியும் ஒன்று. அதை நாம் ஏதோ ஆட்டக்காரர் வேண்டுமென்றே செய்யும் துரோகம் போலப் பேசுகிறோம். 2014இல் இங்கிலாந்தில் கோலி பத்து இன்னிங்ஸில் 134 ரன்களே எடுத்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஆண்டர்சன் வீசிய பந்தைத் தொட்டுத் தொட்டு வெளியேறினார். அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டு 2018இல் அதே நாட்டில் 593 ரன்கள் எடுத்தார். 2019 நவம்பரில் கொல்கத்தாவில் அடித்த சதத்துக்குப் பிறகு அடுத்த சர்வதேச சதம் 2022 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகத்தான் வந்தது. அந்த இடைவெளியில் அவர் அரைசதங்கள் பல எடுத்தார், நமக்கு அவை கண்ணில் படவில்லை. அதற்கு முன்பு ஒரு மாதம் மட்டையையே தொடவில்லை என்றும், மனம் சோர்ந்திருந்தது என்றும் அவரே சொன்னார். மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஹார்திக் பாண்டியாவைப் பற்றியும் சொல்லுங்கள். 2024 ஐபிஎல்லில் மும்பை ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். ஜூன் 29 அன்று பார்படாஸில் கடைசி ஓவரில் 16 ரன்களைக் காத்து டி20 உலகக் கோப்பையை வென்று தந்தவரும் அவரே. ஜூலை 4 அன்று அதே வான்கடே அவருடைய பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் அவர் பட்டதை எந்த ஆர்ப்பரிப்பும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கோப்பை வராமல் போயிருந்தால் நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்போமா என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 2006 வான்கடேவை நான் அடியோடு மறந்திருந்தேன். அன்று நானும் டெண்டுல்கரைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன் என்பது சேப்பாக்கம் மாடம் அவர்கள் எழுதியதைப் படித்தபோது நினைவுக்கு வந்து சுட்டது. மகாவலி அவர்கள் சொன்ன வேறுபாட்டையும் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று இரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, சிட்னியில் பான்டிங் 55 ரன்களில் எப்படி ஆட்டமிழந்தார் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். சைமண்ட்ஸ் தப்பிய பந்தை வீசியது யார், எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார், தோனி எந்தக் கையால் பிடித்தார் என்பதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். பக்னரை இப்போதாவது மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதெல்லாம் முடியாது, சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வா, நானே அவனிடம் ஷமியைப் பற்றியும் பாண்டியாவைப் பற்றியும் பேசுகிறேன் என்றார்.