போன் போட்டோ ஏத்துனா மூவ்_அப்லோடட்_ஃபைல் ஃபால்ஸ், மூணு ஏத்துனா ஃபார்மே காலி

விளக்குத்தூண்_வெப்:
விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடி மொத்தக் கடைக்கு ஆர்டர் ஃபார்ம். சேலை எண், சாயம், எத்தனை உருப்படி, கூடவே மூணு போட்டோ வரைக்கும். பிஹெச்பி 8.2, ஷேர்டு ஹோஸ்டிங். ஃபார்மில் மெத்தட் போஸ்ட், என்க்டைப் மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா, ரெண்டும் சரியா இருக்கு.
வாட்ஸப்பில் வந்த 200 கேபி படம் ஏறுது. போன் கேமராவில் எடுத்த 4 எம்பி படம் ஒண்ணு போட்டா மூவ்_அப்லோடட்_ஃபைல் (ஏறின ஃபைலை நம்ம ஃபோல்டருக்கு நகர்த்துற ஃபங்ஷன்) ஃபால்ஸ். அதே மாதிரி மூணு போட்டா "சேலை எண் எழுதவும்"னு என் வேலிடேஷனே கேக்குது, எண் எழுதித்தான் அனுப்புறேன். இனி_செட்டில் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே பிஹெச்பி அமைப்பை மாத்துறது) அப்லோட் வரம்பை 20 எம்பி ஆக்கியும் மாறலை. எச்டிஅக்சஸில் (வெப் சர்வரோட அமைப்பு ஃபைல்) பிஹெச்பி_வேல்யூ போட்டா சைட் முழுக்க 500 எரர். எங்கே பார்க்கணும் அண்ணே?

வைகை_வடகரை:
ரெண்டும் வேற வேற வரம்பு தம்பி. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் ஒரு ஃபைலுக்கு, சும்மா விட்டா 2 எம்பி. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் ஃபார்ம் மொத்தத்துக்கும், 8 எம்பி. 4 எம்பி படம் முதல் வரம்பில் மாட்டுது: $_ஃபைல்ஸில் (ஏத்துன ஃபைல் விவரம் வர்ற இடம்) எரர் 1 வரும், டெம்ப்_நேம் (தற்காலிக ஃபைல் இருக்கிற பாதை) காலியா இருக்கும். அதை வச்சு நகர்த்தச் சொன்னா ஃபால்ஸ்தான். மூணு சேர்ந்து 12 எம்பி ஆகும்போது ரெண்டாவது வரம்பு உடையுது. அப்போ பிஹெச்பி $_போஸ்ட் (ஃபார்மில் எழுதினது வர்ற இடம்), $_ஃபைல்ஸ் ரெண்டையும் வெறுமையா குடுத்துடும், சேலை எண்ணும் அதோட போச்சு. ரெக்வெஸ்ட் போஸ்ட், ஆனா $_போஸ்ட் காலி, கன்டென்ட்_லெங்க்த் (அனுப்புன மொத்த அளவு) மட்டும் பூஜ்ஜியத்துக்கு மேலே என்றால் "படங்கள் பெருசா இருக்கு"ன்னு காட்டுற மாதிரி வேலிடேஷனுக்கு முன்னாடியே ஒரு இஃப் போடுங்க.
இனி_செட் இதுக்கு எடுபடாது. ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிக்கும் முன்னாடியே ஃபைல் வந்து இறங்கியாச்சு. உங்க ஹோஸ்டிங்கில் பிஹெச்பி ஓடுறது அநேகமா எஃப்பிஎம் (பிஹெச்பியைத் தனி ப்ராசஸா ஓட்டுறது) வழியா, அதான் பிஹெச்பி_வேல்யூ போட்டதும் 500. பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே .யூசர்.இனி ஃபைல் (அந்த ஃபோல்டருக்கான பிஹெச்பி அமைப்பு) ஒண்ணு வச்சு முதலாவதுக்கு 10எம், ரெண்டாவதுக்கு 35எம் எழுதுங்க. வெறும் எம் மட்டும். 10எம்பின்னு எழுதினா அது 10 பைட். சேவ் பண்ணி 300 நொடி பொறுங்க, அதுவரைக்கும் பழைய மதிப்பையே கேஷில் வச்சிருக்கும். அப்புறமும் 413 (அனுப்புனது ரொம்பப் பெருசுங்கிற எரர்) வந்தா அநேகமா முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் நிக்குதுன்னு அர்த்தம். அதோட வரம்பு சும்மா விட்டா 1 எம்பி, ஹோஸ்டிங்காரங்கதான் கூட்டணும்.
எரர் எண்ணை எப்பவும் பார்த்துட்டு மேலே போங்க: 3 பாதியில் அறுந்தது, 4 ஃபைலே தேர்ந்தெடுக்கலை, 6 டெம்ப் ஃபோல்டர் இல்லை, 7 டிஸ்க்கில் எழுத முடியலை. மூணு படம் கட்டாயமில்லைன்னா 4 வர்றது தப்பில்லை, அதைத் தாண்டி விட்டுடுங்க.

சிம்மக்கல்_சிஸ்டம்ஸ்:
அளவைக் கூட்டுறதோட நிறுத்திடாதீங்க. $_ஃபைல்ஸில் வர்ற டைப் பிரவுசர் சொல்றது, யாரும் மாத்தி அனுப்பலாம். ஃபைன்ஃபோ (ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து வகை சொல்ற பிஹெச்பி கருவி) வச்சு டெம்ப் ஃபைலையே சோதிச்சு ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி மூணை மட்டும் விடுங்க. எஸ்விஜி வேண்டாம், உள்ளே ஸ்கிரிப்ட் வைக்கலாம். அனுப்புனவங்க வச்ச பேரில் சேமிக்காதீங்க. புதுப் பேருக்கு ரேண்டம்_பைட்ஸ் 16, அதை எழுத்தா மாத்த பின்2ஹெக்ஸ், அதோட நீங்களே முடிவு பண்ண எக்ஸ்டென்ஷன். ஃபோல்டர் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே, பர்மிஷன் 755. 777 (யார் வேணும்னாலும் எழுதலாம்) போடச் சொல்ற பதிவு நெட்டில் நிறைய கிடக்கு, அந்தப் பக்கமே போகாதீங்க.
சோதிச்ச பிறகு ஜிடியில் (பிஹெச்பியின் படம் கையாளும் லைப்ரரி) திறந்து புதுசா ஜேபெக் எழுதிடுங்க. படத்துக்குள்ள ஒளிச்சு வச்ச குப்பையும் ஜிபிஎஸ் விவரமும் போயிடும்.

திருமங்கலம்_டெவ்:
அக்கா சொன்ன கடைசிப் பத்தி மத்த சைட்டுக்குச் சரி. சாயம் பார்த்து ஆர்டர் எடுக்கிற கடைக்கு யோசிக்கணும். ஐபோன் படம் டிஸ்ப்ளே பி3 ப்ரொஃபைலில் (நிறத்தை எப்படிக் காட்டணும்னு சொல்ற குறிப்பு) வரும், ஜிடி அந்த ப்ரொஃபைலைக் கழட்டி எறிஞ்சிடும். அரக்குச் சிவப்பு சோர்ந்துபோன சிவப்பா தெரியும், அப்புறம் கடைக்காரர் வேற சாயம் எடுத்து வைப்பார். புதுசா எழுதினதை வெப்பில் காட்டுங்க, அசலை வெளி ஃபோல்டரில் தொடாம வைங்க. இல்லைன்னா இமேஜ்மேஜிக்கில் (இன்னொரு படக் கருவி) ப்ரொஃபைலை விட்டுவச்சு எக்ஸிஃபை (ஜிபிஎஸ் மாதிரி கேமரா எழுதுற விவரம்) மட்டும் எடுங்க.
மெமரியும் உதைக்கும். ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் பிடிக்கும். 4000×3000 படம் 48 எம்பி. 50 மெகாபிக்சல் போன் படம்னா 200 எம்பி, மெமரி_லிமிட் 128ஐத் தாண்டி ஃபேட்டல் எரர். ட்ரை-கேட்ச் போட்டும் பிடிக்க முடியாது. அதனால திறக்கும் முன்னாடி கெட்இமேஜ்சைஸில் நீள அகலம் பாருங்க, அது படத்தின் தலைப்பகுதியை மட்டும்தான் படிக்கும். இன்னொண்ணு, எக்ஸிஃப் ஓரியன்டேஷனைப் படிச்சு முதலில் திருப்பிடுங்க, இல்லைன்னா சேலை படுத்துக்கிட்டு வரும். ஐபோனோட ஹெயிக்ங்கிற பட வகையை ஜிடி திறக்காது.
சுங்குடிப் புள்ளி பொடிசு, அதனால ஜேபெக் சுருங்கவும் சுருங்காது. வெறும் துணியைவிட புள்ளி நெருக்கமான முந்தானைப் படம் பெருசாத்தான் இருக்கும், 10எம் வச்சது நல்லதுதான்.

விளக்குத்தூண்_வெப்:
.யூசர்.இனி வேலை செய்யுது அண்ணே, மூணும் ஏறுது. ரெண்டாவது படம் மட்டும் தப்பானா ஆர்டரையே தள்ளணுமா?

வைகை_வடகரை:
தள்ள வேண்டாம், எந்தப் படம் ஏறலைன்னு சொல்லிட்டு ஆர்டரை எடுத்துக்கோங்க. மூணையும் சோதிச்சு முடிச்ச பிறகு நகர்த்துங்க, அப்புறம் டேட்டாபேஸில் எழுதுங்க. அந்த இன்சர்ட் தோத்தா நகர்த்தினதை அன்லிங்க் பண்ணி அழிச்சிடுங்க. நகர்த்தாத டெம்ப் ஃபைலை ரெக்வெஸ்ட் முடிஞ்சதும் பிஹெச்பியே அழிச்சிடும். ஃபீல்டு பேரை போட்டோ[]ன்னு வச்சிருந்தா லூப்பில் கவனம்: நேம், டைப், எரர் ஒவ்வொண்ணும் தனி வரிசையா வரும், ஃபைல் வாரியா வராது. எரரின் [1]தான் ரெண்டாவது படம்.