ரேவ்தண்டா கழியோரக் கூடாரங்கள்: "பத்து மீட்டர் போதும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி

செம்பூர் சபாபதி:
மும்பைக்குத் தெற்கே அலிபாக்கைத் தாண்டி ரேவ்தண்டாவில், குண்டலிகா ஆறு கடலில் கலக்கும் கழியின் ஓரமாகச் சொகுசுக் கூடாரத்தில் தங்கலாம் என்று வாஷி வழிப்போக்கன் நேற்று இங்கே எழுதியிருந்தார். மெத்தை, குளிர்சாதனம், தொங்கு விளக்குகள் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. பணம் அவருடையது, முதுகும் அவருடையது. ஆனால் "கூடாரம் தண்ணீரிலிருந்து பத்து மீட்டர் தள்ளியே இருக்கிறது, சட்டமே பத்து மீட்டர் போதும் என்கிறது, ஆகவே குழந்தைகளுடன் தைரியமாகப் போகலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாரே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து மீட்டர் எந்தத் தண்ணீரிலிருந்து?

இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது நாள்தோறும் கடல்நீர் ஏறி இறங்குவது, உச்சத்துக்கு வருவது ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலும். நீர் அடியோடு வற்றிக் கிடப்பது காலை, மாலை ஆறு மணி வாக்கில். பௌர்ணமி நிலாவுக்காக மாலையில் போய் இறங்குகிறவர் பார்ப்பது அந்த நாளின் மிகத் தாழ்ந்த தண்ணீரை. அங்கிருந்து அளந்துவிட்டுப் படுத்தால், நான்கு மீட்டருக்கும் மேல் நீர் உயர்வது அவர் உறங்கும்போது. மழைக்காலத்தில் பகல் ஏற்றம் பெரியது. கூடாரக்காரர்களின் பருவமான குளிர்காலத்திலோ இரவு ஏற்றமே பெரியது. மும்பையில் அது ஐந்து மீட்டரைத் தொடும் இரவுகளும் உண்டு.

வாஷி வழிப்போக்கன்:
சபாபதி ஐயா பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். இனி நமக்குப் பொழுது போகும். 2019 ஜனவரி 18 அன்று வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை அவர் புரட்டிப் பார்க்கட்டும். குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளைப் பத்து மீட்டர் தள்ளி அமைக்கலாம் என்று அதில் இருக்கிறது. நான் கண்மதிப்பில் எழுதவில்லை, நாடா வைத்தே அளந்தேன். போதாக்குறைக்குக் கூடாரங்கள் இரண்டடி உயர மரத்தளத்தின் மேல் நிற்கின்றன. கோலாடுக்குப் படகு விடப் போகலாம் என்று நாங்கள் கூடியபோதும், அணையில் தண்ணீர் திறக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பாதிப் பேரைக் கலைத்தவர் இவர்தான் என்பதை மற்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாதுங்கா மணி:
எங்கள் ஊர் சிதம்பரம். பிச்சாவரத்துக் கழிகளில் சிறு வயது முதல் சுற்றியிருக்கிறேன். தண்ணீர் எழும்பி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போனதாக ஒருவரும் சொன்னதில்லை. எதற்கு இந்தப் பூச்சாண்டி?

செம்பூர் சபாபதி:
மணி சார், பிச்சாவரத்தை இங்கே இழுத்ததற்கு நன்றி, ஏனெனில் நம்மவர்களின் கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மெரினாவில் காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நின்று சுண்டல் தின்னலாம். அந்தப் பழக்கத்தோடு கொங்கணக் கரைக்கு வருகிறவர்களுக்கு, காலையில் மணலில் நடந்து போன அலிபாக் கொலாபா கோட்டைக்கு மதியம் படகு தேவைப்படுவதைக் கண்ணால் பார்த்தாலும் மனத்தில் உறைப்பதில்லை. மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் போகிறோம். ரேவ்தண்டா போனதும் மறந்துவிடுகிறோம்.

வழிப்போக்கரின் நாடாவுக்கு வருகிறேன். நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சரிவுள்ள நிலம் என்று வைத்துக்கொள்வோம். நீர் இருபது சென்டிமீட்டர் உயர்ந்தால் பத்து மீட்டரும் போயிற்று. கழியோரத்துச் சேற்று நிலம் பல இடங்களில் அதைவிடவும் தட்டையானது. எனவே மறுபடியும் கேட்கிறேன், பத்து மீட்டர் எங்கிருந்து?

நெருள் வாசகி:
ஒரு சிறு குறிப்பு. அறிவிக்கை சொல்லும் பத்து மீட்டர் உயர் ஓதக் கோட்டிலிருந்து அளக்கப்படுவது. பெரிய ஓதத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் உச்ச எல்லையே அந்தக் கோடு. சென்னையில் உள்ள தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையம் அதை வரையறுத்து, வரைபடங்களில் குறித்திருக்கிறது. அந்த வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டால் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை.

வாஷி வழிப்போக்கன்:
அதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன். பத்து மீட்டர்.

செம்பூர் சபாபதி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். எந்தப் பத்து மீட்டர்? இன்னொன்று, அங்கே அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஐம்பது மீட்டர் காப்பு வளையம் வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஐம்பதைச் சொல்லாமல் பத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது வியாபாரிகளின் வாசிப்பு.

வாஷி வழிப்போக்கன்:
அந்தத் தீர்ப்பு கட்டுமானத்துக்கு உரியது. கூடாரம் கட்டுமானம் அல்ல, காலையில் சுருட்டிவிடலாம். "வியாபாரிகள்" என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அந்த இடத்துக்காரரிடம் நான் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

தாராவி தங்கராசு:
சபாபதி அண்ணாச்சியும் வழிப்போக்கரும் பத்து, ஐம்பது என்று ஏலம் போடுவதை வேடிக்கையாகத்தான் படிக்கிறேன். தாராவியை ஒட்டிய மித்தி ஆற்றங்கரையில் எங்களுக்கு மீட்டர் கணக்கு எல்லாம் கிடையாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கடல் ஏற்றம் வெள்ளத்தை வெளியே விடாமல் மறித்து நின்றதையும், வீட்டுக்குள் தண்ணீர் மார்பளவு ஏறியதையும் பார்த்தவர்கள் நாங்கள். காசு வாங்காமலேயே கடல் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓர் இரவுக்குப் பல ஆயிரம் கொடுத்து அதே தண்ணீரின் பக்கத்தில் போய்ப் படுப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல?

மாதுங்கா மணி:
தங்கராசு, அது பெருமழை, இது குளிர்காலம். இரண்டையும் குழப்பாதீர்கள். மேலும் கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே மனிதர்கள் வயல் வைத்து, வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

தாராவி தங்கராசு:
குழப்பவில்லை. தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் அது எங்கே நிற்கும் என்றுதான் சொன்னேன். மாதுங்காவின் மேட்டில் இருப்பவர்களுக்கு அது புரியாததில் எனக்கு வியப்பு இல்லை.

செம்பூர் சபாபதி:
குட்டநாட்டில் மண்கரை எழுப்பி, இயந்திரம் வைத்து நீரை இறைத்து வயலைக் காக்கிறார்கள். உப்பு நீரை மறிக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணையே கட்டியிருக்கிறார்கள். ராய்கட் மாவட்டத்திலும் கழியோர நெல்வயல்கள் பல மண்கரையாலும் மதகாலும்தான் நிற்கின்றன. அதற்கென்றே 1979-இல் மகாராஷ்டிரம் தனிச் சட்டம் இயற்றியது. விவசாயி கரைக்கு உள்ளே இருக்கிறான். கூடாரக்காரர் காட்சி மறைகிறது என்று கரைக்கு வெளியே போகிறார். மணி சார் இந்த வேறுபாட்டைக் கவனிப்பார் என்று நம்புகிறேன்; கவனிக்காவிட்டாலும் அவரைத் திருத்துவது என் வேலை அன்று.

நானும் அந்த இடத்தைப் பார்த்தவன்தான். மரத்தளத்தின் கால்களில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்த வெள்ளைக் கோடு தெரிகிறது. அதற்குக் கீழே சிறு சிப்பிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கின்றன. கடல்நீர் அடிக்கடி வந்து போகாத மரத்தில் சிப்பி ஒட்டாது. கட்டிலின் கீழே மின்னிணைப்புப் பெட்டி ஒன்றை பிளாஸ்டிக் பையால் சுற்றித் தரையிலேயே வைத்திருந்தார்கள். கழிப்பறைக் குழியோ இன்னும் மோசம். நிலத்தடி நீர் ஒரு கை ஆழத்தில் நிற்கும் மண்ணில் உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? ஓதம் ஏறும்போது குழிக்குள் இருப்பதும் சேர்ந்து ஏறும். இதற்கெல்லாம் பத்து மீட்டர் என்று ஒரு பதிலா?

வாஷி வழிப்போக்கன்:
முழங்கால் உயரக் கோடு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தளம் அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே கூடாரத்துக்குள் தண்ணீர் வராது என்பதை உங்கள் சிப்பியே சாட்சி சொல்கிறது.

செம்பூர் சபாபதி:
தளத்துக்குக் கீழே தண்ணீர் வருகிறது என்றால் உங்கள் பத்து மீட்டர் எங்கே போயிற்று? சுழியம் மீட்டர் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? இரவில் சிறுநீர் கழிக்க இறங்கும் குழந்தை சிப்பியிடம் சாட்சி கேட்குமா?

நெருள் வாசகி:
அந்த வரைபடத்தை இருவரில் ஒருவராவது திறந்து பார்த்தீர்களா?

மாதுங்கா மணி:
அஷ்டமி, நவமி நாட்களில் ஓதம் பெரிதாக ஏறாது என்று படித்த ஞாபகம். அப்படியானால் அந்த நாட்களில் போய்விட்டு வந்தால் என்ன?

செம்பூர் சபாபதி:
ஆறு மணி நேரமாக மணி சார் சொன்னவற்றில் இது ஒன்றே உருப்படியானது. அரை நிலா நாட்களில் ஏற்றம் குறைவு. உச்சமும் காலை, மாலை வேளைகளிலேயே வந்து, கண்ணுக்குத் தெரிந்து போய்விடும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமியே கழியோரத்தில் படுக்க உத்தமமான திதி. ஆனால் அன்றைக்கு எந்தக் கூடாரக்காரரும் "பௌர்ணமிச் சலுகை" என்று விளம்பரம் செய்ய முடியாதே, அதுதான் சிக்கல்.

வாஷி வழிப்போக்கன்:
நாங்கள் பௌர்ணமிக்குத்தான் போகிறோம். பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மாண்ட்வா படகுக்கும் சீட்டு எடுத்தாயிற்று. பத்து மீட்டர் போதும்.

தாராவி தங்கராசு:
பதினோரு பேரிடமும் முன்பணம் வாங்கியது யார் என்று சபாபதி அண்ணாச்சி கேட்டதற்கு வழிப்போக்கர் இன்னும் பதில் சொல்லவில்லை.

செம்பூர் சபாபதி:
நான் அப்படிக் கேட்கவே இல்லை, தம்பி. நான் கேட்டது பத்து மீட்டரைப் பற்றி மட்டும். ஆனாலும் நீங்கள் கேட்டுவிட்டதால், அதற்கும் அவர் பதில் சொல்லட்டும்.